‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ வட்டுக்கு இரண்டு நட்சத்திரம் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971-இல் வெளிவந்த ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ திரைப்படத்தின் ப்ளூ-ரே வட்டைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த மதிப்புரையைப் படித்தேன். படத்தின் வேகத்தையும் ஜீன் ஹாக்மனின் நடிப்பையும் மனம் விட்டுப் பாராட்டிய மதிப்புரையாளர், வட்டின் தரம் என்ற இடத்துக்கு வந்ததும், படம் மணல்மணலாகத் தெரிகிறது, இருட்டுக் காட்சிகளில் ஒன்றும் விளங்கவில்லை, பின்பக்க ஒலிபெருக்கிகள் சும்மாவே கிடக்கின்றன என்று மூன்று குறைகளைச் சொல்லி, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு முடித்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்து, புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்திலிருந்து டிஜிட்டல் காலம் வரை படம் ஓட்டியவன் என்ற முறையில், அந்த மூன்றில் இரண்டைக் குறை என்றே என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாவது வட்டின் குறையா, பார்த்த தொலைக்காட்சியின் குறையா என்பதை அந்த மதிப்புரையிலிருந்து அறிய வழியில்லை. இவை எல்லாவற்றையும் விட என்னை எழுதத் தூண்டியது, அவர் பார்த்தது எந்த ஆண்டு வெளியான வட்டு என்று ஓரிடத்திலும் சொல்லாததுதான். வேறு படமாக இருந்தால் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். இந்தப் படத்துக்கு அதைச் சொல்லாமல் தரம் பேசவே முடியாது.

முதலில் மணலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிலிமில் பிம்பம் பதிவதே வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களால்தான். வண்ண நெகட்டிவைக் கழுவும்போது வெள்ளி போய்விட, அது இருந்த இடங்களில் சாயப் பொட்டுகள் தங்கிவிடுகின்றன. அந்தப் பொட்டுகள் பிலிமின் ஒவ்வொரு சட்டத்திலும் (ஃபிரேமிலும்) இடம் மாறி விழுவதால், நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும்போது படம் மெல்ல நடுங்குவது போலத் தெரியும். கிரெய்ன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தூசும் கீறலும் பிலிமின் மேல் வந்து ஒட்டியவை. கிரெய்னோ பிம்பத்தின் உடம்பு. இந்தப் படம் நியூயார்க்கின் குளிர்காலத்தில், தெருவிலும் மதுக்கடையிலும் சுரங்க ரயிலிலும், பல இடங்களில் கேமராவைக் கையிலேயே ஏந்தி, கிடைத்த வெளிச்சத்தைப் பெரிதும் நம்பி எடுக்கப்பட்டது. அன்று அமெரிக்கத் திரையுலகில் வழக்கத்திலிருந்த ஈஸ்ட்மன் வண்ண நெகட்டிவின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 100 ஏ.எஸ்.ஏ. மட்டுமே, இன்றைய கேமராக்கள் எந்தத் தயக்கமுமின்றி அதைப் போலப் பல மடங்கு போகின்றன. அவ்வளவு மந்தமான பிலிமை வைத்துக்கொண்டு இருட்டில் படம் எடுத்தால் கிரெய்ன் தூக்கலாகத்தான் வரும். வெளிச்சம் போதாமல் எடுத்ததை லேபில் கூடுதல் நேரம் டெவலப் செய்தால் இன்னும் தூக்கும். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனுக்கு இது தெரியாததல்ல. செய்திப் படம் போன்ற அந்தக் கரடுமுரடு வேண்டும் என்றே இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினும் அவரும் அப்படி எடுத்தார்கள். அந்த ஒளிப்பதிவு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கவும் பட்டது. அத்தகைய படத்தின் வட்டில் கிரெய்ன் தெரியவில்லை என்றால்தான் மதிப்புரையாளர் சந்தேகப்பட வேண்டும்.

கிரெய்னைத் துடைத்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றின் பலனையும் வாங்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள். 1987-இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்துக்கு 2010-இல் வெளியான ப்ளூ-ரே இதற்கு நல்ல பாடம். காட்டுக்குள் வியர்வையும் சேறுமாக அலையும் ஆட்களின் முகங்கள், கிரெய்னோடு சேர்ந்து தோலின் துளைகளும் போய்விட்டதால், மெழுகுப் பொம்மைகளின் முகங்கள் போல வழவழவென்று ஆகிவிட்டன. முதல் பார்வைக்குப் ‘பளிச்’ என்றுதான் இருந்தது. நட்சத்திரம் போடுகிறவர் அந்தப் பளிச்சுக்கு நான்கு போட்டு, ஹாக்மனின் குளிரில் சிவந்த மூக்கும் மணலும் அப்படியே தெரியும் வட்டுக்கு இரண்டு போட்டால், வாசகர் எதை வாங்குவார்?

இனி ஆண்டின் விஷயம். ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ முதன்முதலில் ப்ளூ-ரேயில் வந்தது 2009-இல். அதற்கு ஃபிரீட்கினே முன்னின்று படத்தின் நிறத்தைப் புதிதாக அமைத்தார். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக ஒரு அடுக்கு, நிறத்தை அளவுக்கு மேல் ஏற்றி மங்கலாக்கி இன்னொரு அடுக்கு என்று பிரித்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுச் சேர்த்தார். வண்ணத்தோடு கறுப்பு-வெள்ளையைக் கலக்கும் யோசனை புதிதல்ல. 1956-இல் வந்த ‘மோபி டிக்’ படத்தில் ஜான் ஹூஸ்டனும் ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மோரிஸும் பிலிமிலேயே அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது எடுக்கும்போதே நினைத்துச் செய்தது. இதுவோ 38 ஆண்டுகள் கழித்து, விருது வாங்கி, உலகமெல்லாம் ஓடி முடிந்த படத்தின் மேல் செய்தது. விளைவாக நிறம் வெளுத்து, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் இருந்த சாயல்கள் கெட்டு, சில இடங்களில் நிறம் உருவத்தின் கோட்டைத் தாண்டி வழிந்தது. அச்சு விலகிய மலிவுக் காலண்டரில் அம்மனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படி. கிரெய்னும் அதன் இயல்பான அளவில் நிற்காமல், முரட்டுத்தனமாக எழுந்து ஆடியது.

ராய்ஸ்மன் இதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். தன்னைக் கேட்காமல் தன் படத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று அவர் கொதித்ததை அன்றைய திரைப்பட ஆர்வலர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு 2012-இல் அதே படம் மீண்டும் ப்ளூ-ரேயில் வந்தது. இம்முறை நிறத்தை ஃபிரீட்கினும் ராய்ஸ்மனும் சேர்ந்து மேற்பார்த்தார்கள். மார்செய் நகரின் வெயிலுக்கும் புரூக்ளினின் சாம்பல் நிறக் குளிருக்கும் உள்ள தொலைவு அதில் திரும்பக் கிடைத்தது. கதை நடப்பதே அந்தத் தொலைவில்தான். ஒரு காட்சியில், போதைமருந்து வியாபாரியான பிரெஞ்சுக்காரர் உணவு விடுதிக்குள் கதகதப்பாக அமர்ந்து, ஒவ்வொன்றாக வரவழைத்து நிதானமாகச் சாப்பிடுகிறார். அவரைக் கண்காணிக்கும், ஹாக்மன் நடித்த போலீஸ்காரர் டாயில் எதிர்ச்சாரியில் குளிரில் கால் மாற்றி நின்றபடி, காகிதக் கோப்பையில் வந்த மட்டமான காப்பியைக் கீழே கொட்டுகிறார். உள்ளே இருக்கும் மஞ்சளும் வெளியே இருக்கும் நீலச் சாம்பலும் சொல்வதற்கு மேல் அங்கே வசனம் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டு வட்டில் அந்த மஞ்சள் செத்துக் கிடக்கிறது. மதிப்புரையாளர் பார்த்தது அந்த வட்டானால், இரண்டு நட்சத்திரம் கூட அதிகம் என்பேன். 2012-ஆம் ஆண்டு வட்டானால் அது அநியாயம்.

இங்கே ஒரு கேள்வி எழும்: இயக்குநரே மாற்றியிருக்கும்போது கேட்க நாம் யார்? நானும் இதை நெடுநாள் யோசித்ததுண்டு. ஃபிரீட்கினுக்குத் தன் படத்தைத் தொட உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். அவர் செய்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிசோதனை தோற்றது, அவ்வளவுதான். ஆனால் 1971-இல் மக்கள் பார்த்த படமும் விற்பனையில் இருக்க வேண்டும், எது எது என்று அட்டையில் தெளிவாக எழுதவும் வேண்டும். அட்டை சொல்லாததை மதிப்புரையாவது சொல்ல வேண்டும். அதைத்தான் நம் மதிப்புரையாளர் தவறவிட்டார்.

1971-இல் படம் எப்படி இருந்தது என்று எதை வைத்துச் சொல்வது என்பதும் நியாயமான கேள்வியே. பழைய பிரிண்டை எடுத்து ஓட்டிப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எழுபதுகளின் ஈஸ்ட்மன் வண்ணப் பிரிண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்: நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போய், வானம், மரம், மனித முகம் எல்லாம் ரோஸ் நிறமாகிக் கிடக்கும். இந்தப் படம் எங்கள் ஊருக்குக் காலைக் காட்சியாக வந்தபோதும் பல ஊர் சுற்றிக் களைத்த பிரிண்டுதான் கிடைத்தது. பிலிமில் விழுந்த கீறல்களால் நியூயார்க்கில் விடாமல் மழை பெய்தது. லேபுக்கு லேப் பிரிண்டின் நிறம் மாறும்; கார்பன் வெளிச்சத்தில் தெரிந்த நிறம் செனான் விளக்கில் அப்படியே தெரியாது. ஆகவே என் நினைவை நானே சாட்சியாக ஏற்க மாட்டேன். நெகட்டிவ் நல்ல நிலையில் இருக்கிறதா, வட்டுக்கு எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், ஒளிப்பதிவாளர் பார்த்துச் சம்மதித்தாரா என்ற மூன்றையும்தான் கேட்க வேண்டும். மூன்றாவது இந்தப் படத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ராய்ஸ்மன், ஃபிரீட்கின் இருவருமே 2023-இல் காலமாகிவிட்டதால், இனிமேல் யார் புதிதாக ஸ்கேன் செய்தாலும் அவர்கள் இருவரும் சேர்ந்து பார்த்த பதிப்பை எதிரில் வைத்துக்கொண்டுதான் செய்தாக வேண்டும்.

இருட்டுக் காட்சிகளைப் பற்றி எழுதியிருந்தார். இதில் மட்டும் அவரை முழுவதும் மறுக்க எனக்கு வழியில்லை, ஏனெனில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி எந்த அமைப்பில் இருந்தது என்று தெரியாது. கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் தொலைக்காட்சிகள் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணை இழுக்க வேண்டும் என்பதற்காக ‘விவிட்’ அமைப்பில் வைக்கப்பட்டிருக்கும்; வீட்டுக்கு வந்த பிறகும் பலர் அதை மாற்றுவதில்லை. அந்த அமைப்பு நிறத்தை நீலத்தின் பக்கம் தள்ளும், இருட்டில் இருக்கும் சாயல்களைக் கரியாக்கும். ‘ஷார்ப்னெஸ்’ என்ற எண்ணை மேலே ஏற்றிவிட்டால் உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். மதிப்புரையாளரைத் தொல்லை செய்த மணலும் இரண்டு மடங்காகும். இவற்றோடு, அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று தொலைக்காட்சி தானாகவே இல்லாத சட்டங்களை இட்டு நிரப்பும் வசதி ஒன்று உண்டு. அது முடுக்கி விடப்பட்டிருந்தால் எந்தப் படமும் மெகா தொடர் போலத்தான் தெரியும். நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று மக்களைக் கேட்டுத் தனியாக ஒரு காணொளியே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, இந்த மாற்றங்களை அணைத்துவிடும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. இன்றைய பல தொலைக்காட்சிகளில் அது இருக்கிறது. அதைப் போட்டு, அறை விளக்கையும் அணைத்துவிட்டு இறுதிக் காட்சியைப் பார்த்தால், பாழடைந்த கட்டடத்தின் ஈரச் சுவர்களும் தரையில் தேங்கிய நீரும் இருட்டுக்குள் இருந்தபடியே புலப்படும். அப்போதும் புலப்படாவிட்டால் வட்டைக் குறை சொல்லலாம்.

ஒலிக்கு வருகிறேன். திரையரங்குக்கு வந்தபோது இந்தப் படத்தின் ஒலி மோனோ. திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே இடத்திலிருந்து வசனம், ரயில், துப்பாக்கி, டான் எல்லிஸின் இசை எல்லாம் வந்தன. அந்த ஒற்றைத் தடத்துக்கே ஒலிக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மேம்பாலத்தில் ஓடும் ரயிலைக் கீழே தெருவில் காரில் துரத்தும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் பின்னணி இசை அறவே கிடையாது என்பதை மதிப்புரையாளர் கவனித்தாரா என்று தெரியவில்லை. இரும்புச் சக்கரத்தின் கிறீச்சு, இஞ்சினின் உறுமல், விடாத ஹாரன், தகரம் உரசும் சத்தம் என்று அவ்வளவும் ஒரே இடத்திலிருந்து நெருக்கியடித்துக்கொண்டு வருவதால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது. அதைப் பிரித்து ரயிலை வலப்பக்கச் சுவரிலும் காரை இடப்பக்கச் சுவரிலும் கொண்டுபோய் வைத்தால், அறை நிறையச் சத்தம் இருக்கும், நெருக்கடி போய்விடும். இறுதிக் காட்சியின் கடைசி ஒலி ஒரு துப்பாக்கி வெடி. டாயில் இருட்டுக்குள் ஓடி மறைந்த பிறகு, நாம் பார்க்காத இடத்தில் அது வெடிக்கிறது. யார் சுட்டார், யார் மேல் பட்டது என்று தெரியாமலே படம் முடிகிறது. அந்த வெடி திரைக்குள்ளிருந்துதான் வர வேண்டும். பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வந்தால் நாம் திரும்பிப் பார்ப்போம், படம் பார்க்க மாட்டோம்.

பழைய மோனோ தடத்தை நேர்மையாக மாற்றுவதும் எளிதல்ல. அந்நாளைய திரையரங்கு ஒலி அமைப்பு மேல் ஸ்தாயி அதிர்வுகளை வேண்டுமென்றே தணித்து ஒலிபரப்பியது. பிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஆப்டிகல் ஒலித்தடத்தின் இரைச்சல் அதில் அடங்கிவிடும். தணிக்காமல் அப்படியே வட்டில் போட்டால் ‘ஸ்’ என்ற இரைச்சல் காதைத் துளைக்கும். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினாலோ, பேசுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். ஒரு மோனோ வட்டைச் சோதிக்க நான் வசனத்தைக் கேட்பதில்லை. யாரும் பேசாத இடங்களில் தெருவின் மூச்சு கேட்கிறதா என்று பார்ப்பேன். சல்லடையில் சலித்தது போல அங்கே சுத்த மௌனம் இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

புதிய ஒலியை ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ இருக்கிறது. 1958-இல் வந்த அந்தப் படத்தை ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் பெருமுயற்சி எடுத்து மீட்டு, 1996-இல் 70 மில்லிமீட்டரில் வெளியிட்டார்கள். படத்தை மீட்டதில் அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் பல தட ஒலி அமைப்பதற்காகக் காலடி ஓசை, துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றைப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள். பழைய படத்தின் காற்றில் புதிய செருப்புச் சத்தம் தனியாகக் கேட்கிறது என்று அன்றே பலர் முகம் சுளித்தார்கள். பின்னாளில் வந்த சில வட்டுகளில் மூல மோனோ தடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்பக்க ஒலிபெருக்கிகள் சும்மா இருப்பதைக் குறையாக எழுதுவதற்கு முன், அவை பேசியிருந்தால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு நொடி யோசிப்பது நல்லது.

பழைய டி.வி.டி.யையே போதும் என்று வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒன்று. ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்த டி.வி.டி.களில் நொடிக்கு 24 சட்டம் என்று எடுத்த படத்தை 25 சட்டமாக ஓட்டுவார்கள். 104 நிமிடப் படம் ஏறக்குறைய 100 நிமிடத்தில் முடிந்துவிடும். நடிகர்களின் குரலும் சுருதி ஏறி ஒலிக்கும். ப்ளூ-ரேயில் 24 சட்டம் அப்படியே கிடைக்கிறது. மதிப்புரையாளர் இதைக் குறிப்பிட்டிருந்தால் பழையதை மாற்றலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களுக்கு உதவியிருக்கும்.

வட்டே எதற்கு, இணையத்தில் மாதச் சந்தா கட்டினால் போதாதா என்று அவர் இறுதியில் கேட்டிருந்தார். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. இணையத்தில் 4கே என்று வருவது பொதுவாக 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் அடைக்கப்பட்டு வருகிறது. ஒழுங்கில்லாமல் குதிக்கும் கிரெய்னைச் சுருக்குவது எந்த முறைக்கும் கடினம் என்பதால், இடம் போதாதபோது முதலில் பலியாவது அதுதான். அது போன இடத்தில் கட்டங்கட்டமாக ஏதோ நெளியும். இது தரத்தின் கணக்கு. வேறொரு கணக்கும் இருக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்காவில் இந்தப் படத்தை இணையத்தில் பார்த்தவர்கள், டாயில் இனவெறிச் சொல்லொன்றை உதிர்க்கும் சில நொடிகள் அறிவிப்பே இல்லாமல் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சொல் அருவருப்பானது. டாயிலும் அப்படிப்பட்ட ஆள்தான், அதைப் படம் மறைக்கவில்லை. வெட்டியது சரியா தவறா என்று வாதிட நான் இக்கடிதத்தை எழுதவில்லை. நேற்று இருந்த காட்சி இன்று இல்லை என்பதை, அலமாரியில் வட்டு வைத்திருந்தவர்களால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது.

மதிப்புரையாளரிடம் எனக்குப் பகை ஏதுமில்லை. பழைய படங்களின் வட்டுகளைப் பற்றித் தமிழ் நாளிதழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது. இனி எழுதும்போது வட்டு வெளியான ஆண்டு, நிறத்தை மேற்பார்த்தவர், அவர் கேட்ட ஒலித்தடம், பார்த்த திரையின் அமைப்பு ஆகியவற்றை நான்கு வரியில் சேர்த்துவிட்டால், நட்சத்திரமே போடாவிட்டாலும் எங்களுக்குப் போதும். 2012-ஆம் ஆண்டு வட்டு என்னிடம் இருக்கிறது. தங்கள் அலுவலக முகவரிக்கு அதை அனுப்பி வைக்கச் சித்தமாக இருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். அதைப் பார்த்த பிறகும் அவர் இரண்டு நட்சத்திரம்தான் என்று எழுதினால், மறுத்து இன்னொரு கடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
திண்டுக்கல்.